கழித்த மாம்பழத்தில் அடுப்பில்லா இனிப்பு

கேள்வி: தோலில் தழும்பு இருப்பதாகச் சொல்லி வியாபாரி கழித்த மாம்பழங்களை என்ன செய்யலாம்? பனியன் கம்பெனி வேலை முடிந்து வருபவர்களுக்கு அடுப்படியில் நிற்க நேரமில்லை.
- வாசகி, அவிநாசிபாளையம்

பதில்: தழும்பு தோலோடு நின்றால் சதைக்குக் கேடில்லை. பழ ஈ தாக்கிப் புழு வைத்த பழங்கள் மட்டும் ஆகாது. அவற்றை மரத்தடியில் விடாமல் ஆழமாகப் புதைத்தால், மற்ற காய்களுக்குப் பரவுவது குறையும். காய்களை வைக்கோலில் பழுக்க வையுங்கள். கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது.

பிலிப்பைன்ஸ் நாட்டு வீடுகளில் 'மேங்கோ ஃப்ளோட்' என்ற இனிப்பு பிரபலம். அங்கே கிரஹாம் பிஸ்கட். இங்கே மேரி பிஸ்கட் போதும்.

தேவையானவை: நாரில்லாத பழச்சதை அரை கிலோ, பிஸ்கட் 24, ஃப்ரெஷ் கிரீம் 200 மி.லி., கன்டென்ஸ்டு மில்க் 100 கிராம்.

செய்முறை: கிரீமை நன்கு குளிர வைத்து, தண்ணீரை நீக்கி, கெட்டிப் பகுதியை மட்டும் கன்டென்ஸ்டு மில்க்குடன் அடித்துக் கலக்கவும். பாத்திரத்தில் பிஸ்கட், கிரீம், மெல்லிய மாம்பழத் துண்டு என மூன்று அடுக்குகள் அடுக்கவும். மூடி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால் பிஸ்கட் ஊறி கேக் போல மென்மையாகும். புளிப்புப் பழம் கிரீமைத் திரித்துவிடும். நன்கு பழுத்ததே ஏற்றது.

2 நாட்களுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மின்சாரம் நெடுநேரம் தடைபட்டு, குளிர்ச்சி போயிருந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். விற்பதாக இருந்தால், முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது அவசியம்.