பாக்ஸ்டரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடலாமா?

2024 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோலில் ஓடும் போர்ஷே பாக்ஸ்டரின் விற்பனை நின்றது. காரணம் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. ஹேக்கர்கள்! அந்த மாதத்திலிருந்து இங்கே புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் ஐ.நா.வின் சைபர் பாதுகாப்பு விதிக்கு உட்பட வேண்டும். 718 என்ற அந்த வரிசையின் மின்னணு அமைப்பு பழசு. அதை மாற்றிக் கட்டுவது கட்டுப்படியாகாது என்று கம்பெனி கைவிட்டுவிட்டது. 2025 அக்டோபரோடு தயாரிப்பே முடிந்தது. அதற்குப் பதிலாக வரவேண்டிய மின்சார பாக்ஸ்டரோ, இதோ அதோ என்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

இதனால் ஜெர்மனியில் பழைய பாக்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான நெருக்கடி. "இப்பவே கொடுத்துட்டு, கடைசி பெட்ரோல் மாடல்ல ஒண்ணை செகண்ட் ஹேண்டா புடிச்சிடு. விட்டா கிடைக்காது" என்று டீலர்கள் சொல்கிறார்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் நிறைய. அவர்களில் பொள்ளாச்சிக்காரத் தம்பி ஒருவர் 1997 மாடல் பாக்ஸ்டர் வைத்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம் ஆசைப்பட்டு வாங்கியது. "ரெண்டு பேரு உக்கார்ற வண்டிக்கு இவ்ளோ காசா?" என்று ஊரில் திட்டு வாங்கியது. போன மாதம் என்னிடம் கேட்டார்: "ஏனுங்ணா, இதக் குடுத்துட்டு மூணு வருசப் பழசுல ஒரு 718 எடுத்துக்கலாமுங்களா?"

வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

காகிதத்தில் வைத்துப் பார்த்தால் புதுசுதான் ஜெயிக்கும், எப்போதும். முதல் பாக்ஸ்டரின் இரண்டரை லிட்டர் எஞ்சின் 204 குதிரைசக்தி. 718இன் அடிப்படை மாடலே 300. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடப் பழசுக்கு ஏழு செகண்டு கிட்டத்தட்ட. புதுசுக்கு ஐந்து சொச்சம். ஆனால் அந்த 300 குதிரையும் நாலு சிலிண்டர் டர்போவிலிருந்து வருகிறது. 2016இல் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நாலைப் போட்டபோது, இந்த வண்டியின் ரசிகர்கள் துக்க வீடு மாதிரி ஆனார்கள். அந்தச் சத்தம் போயிடுச்சே! ஆறு சிலிண்டர் திரும்பி வந்தது விலை கூடின மாடல்களில் மட்டும்தான். ஆட்டோபானில் வேகக்கட்டுப்பாடு இல்லாத பகுதிகள் இருக்கின்றன, சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிப் போகும் ஏ8 சாலையில் 204 குதிரையும் 300 குதிரையும் ஒரே ஊர்வலத்தில்தான் நகரும். தம்பியின் சந்தோஷமெல்லாம் பாடன் பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை போகும் கருங்காட்டு மலைச்சாலையில். வளைவு வளைவாகப் போகும் அந்தச் சாலையில், கூரையைத் திறந்துவிட்டு மூன்றாவது கியரில் போவதற்கு 204 தாராளம்.

பழசைத் தூக்கிப்போட்டுப் புதுசை வைக்கும் யோசனை அந்தக் கம்பெனிக்கே ஒருமுறை வந்தது. 1977இல் 928 என்றொரு கார் வந்தது. முன்பக்கம் எட்டு சிலிண்டர் எஞ்சின், சொகுசு, நவீனம். இனிமேல் இதுதான், பின்பக்கம் எஞ்சின் வைத்த 911 மெல்ல மறையட்டும் என்பது திட்டம். 1981இல் பீட்டர் ஷுட்ஸ் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பெர்லினில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன யூதக் குடும்பத்துப் பிள்ளை. தலைமைப் பொறியாளரின் அறைச் சுவரில் ஒரு வரைபடம். ஒவ்வொரு மாடலின் எதிர்காலத்துக்கும் ஒரு கோடு. 911இன் கோடு மட்டும் பாதியில் நின்றிருந்தது. ஷுட்ஸ் பேனாவை எடுத்து அந்தக் கோட்டை வரைபடத்துக்கு வெளியே சுவர் வரைக்கும் இழுத்தார் என்பது அவரே பலமுறை சொன்ன கதை. 928 1995இல் நின்றுபோனது. பத்து லட்சமாவது 911 2017இல் சூஃபன்ஹௌசன் ஆலையிலிருந்து வெளியே வந்தது.

உணர்ச்சி சோறு போடுமா என்று கேட்பீர்கள். கணக்குக்கும் வருவோம். எக்ஸ்சேஞ்சில் டீலர் தரும் விலை, நேரடியாக விற்றால் கிடைப்பதைவிட அநேகமாகக் குறைவுதான். அவர் அதை மறுபடி விற்கும்போது வாங்குபவருக்குச் சட்டப்படி பொறுப்பு ஏற்க வேண்டும், தன் லாபமும் பார்க்க வேண்டும். அவரைக் குறை சொல்ல முடியாது. தவிர, இந்த முதல் பாக்ஸ்டருக்கு இங்கே எப்போதுமே கொஞ்சம் இளக்காரம். அதன் முகப்பு விளக்கைப் பார்த்து ஜெர்மன்காரர்கள் 'ஸ்பீகல்ஐ' என்று கேலி செய்தார்கள். நம்ம பாஷையில் ஆஃப்பாயில்! அதனால் விலையும் ஏறவில்லை. ஆனால் 1996இல் முதலில் பதிவான பாக்ஸ்டர்களுக்கு 2026இல் முப்பது வயது. தம்பியின் வண்டிக்கு 2027இல்.

முப்பது என்பது ஜெர்மனியில் முக்கியமான எண். முப்பது வருஷம் முடிந்து, வண்டி நல்ல நிலையில், ஏறக்குறைய அசலாக இருக்கிறது என்று நிபுணர் சான்று கொடுத்தால் நம்பர் பிளேட்டின் கடைசியில் 'எச்' என்ற எழுத்து கிடைக்கும். வரலாற்று வாகனம் என்று அர்த்தம். வருட வரி ஒரே தொகை, 191.73 யூரோ. இரண்டரை லிட்டர் வண்டிக்கு இப்போதே கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரி, அதில் பெரிய லாபமில்லை. லாபம் இன்ஷூரன்ஸில். நம் ஊரில் பதினைந்து வருஷம் ஆன காரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்வார்கள். 2022 ஏப்ரலில் மறுபதிவுக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். ஜெர்மனியும் புண்ணியவான் இல்லை. 2009இல் ஒன்பது வருஷப் பழைய காரை நொறுக்கிப்போட்டுப் புதுசு வாங்கினால் 2,500 யூரோ கொடுத்த அரசாங்கம் இது. ஆனாலும் முப்பது வருஷம் தாக்குப்பிடித்த வண்டிக்குத் தனி மரியாதை வைத்திருக்கிறது.

புதுசின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. வழுக்கும்போது வண்டியைத் தானாக நேராக்கும் மின்னணு வசதி முதல் பாக்ஸ்டர்களில் கிடையாது. மழையில் அது உயிர் காக்கும் விஷயம். துணிக்கூரையின் பின்கண்ணாடி பிளாஸ்டிக். சில வருஷத்தில் மங்கிவிடும். எஞ்சினுக்குள் 'ஐ.எம்.எஸ்.' பேரிங் என்று ஒரு பூதம் உண்டு. அது உடைந்தால் எஞ்சினே போச்சு. கிளட்ச் மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றிவிடுவது வழக்கம். சில ஆயிரம் யூரோ செலவு. 718க்கு மேற்கொண்டு கட்ட வேண்டிய தொகை அதைப்போலப் பல மடங்கு.

தம்பி சொன்ன உண்மையான காரணம் வேறு. போன வருஷம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. "பாப்பாவ எங்கீங்ணா உக்கார வைக்கறது?" என்கிறார். அட, 718இலும் ரெண்டே சீட்தானே! குழந்தைக்காக மாற்றுவதென்றால் பின்சீட் உள்ள பழைய கோல்ஃப் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தலாம். பழைய வண்டிக்கான சலுகை இன்ஷூரன்ஸ் தருபவர்களும் பெரும்பாலும் தினப்படி ஓட்ட வேறு கார் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். பாக்ஸ்டருக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் செல்லும் பருவகால நம்பர் பிளேட் வாங்கினால், மற்ற மாதங்களுக்கு வரி இல்லை.

கொடுத்தே ஆகவேண்டிய நிலையும் சிலருக்கு வரும். ரெண்டு வருஷமாகக் கவரை எடுக்காமல் கேரேஜிலேயே நிற்கிற வண்டி என்றால் கொடுத்துவிடலாம், பாவம், அது ஓடட்டும். அப்போதும் எக்ஸ்சேஞ்சில் தள்ளாதீர்கள். ட்யூஃப் சோதனையைப் புதுசாக முடித்து, சர்வீஸ் புத்தகத்தையும் பழைய பில்களையும் ஒரு ஃபைலில் போட்டு, நேரில் வந்து ஓட்டிப் பார்க்கிற ஆளுக்கு விற்றுவிடுங்கள். 'எச்' பிளேட்டுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி என்றால், அந்த ஒரு வருஷம் பொறுங்கள்.