மூச்சுப் பயிற்சி செய்தால் மனநல மாத்திரையை நிறுத்திடலாமா?

'ஒரே மாசம் பிராணாயாமம் பண்ணேன், டிப்ரஷன் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன்!' - இந்த மாதிரி ஒரு ரீல்ஸாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். மனநல சிகிச்சையில் இருக்கும் நண்பருக்கு அதை ஃபார்வேர்டு செய்யப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்.

மூச்சுப் பயிற்சியில் விஷயமே இல்லையா என்றால், நிச்சயம் இருக்கிறது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு குறைகிறது. பதற்றத்தில் இருக்கும் உடல் நிதானத்துக்கு வருகிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதைப் பல வருடங்களாக ஆராய்கிறது. தீவிர மனச்சோர்வு உள்ள 45 பேரிடம் நடத்திய ஆய்வு 2000-ல் வெளியானது. நான்கு வாரங்களில் மின் அதிர்வு சிகிச்சை பெற்றவர்களில் 93%, இமிப்ரமின் மாத்திரை எடுத்தவர்களில் 73%, சுதர்சன கிரியா செய்தவர்களில் 67% பேர் தேறினார்கள்.

'அட, மாத்திரைக்குக் கிட்டத்தட்ட சமமா இருக்கே!' என்று தோன்றுகிறதா? ஒரு குழுவுக்கு 15 பேர்தான். அவர்களும் வீட்டில் வீடியோ பார்த்துச் செய்யவில்லை. மருத்துவமனையில் தங்கி, டாக்டர்களின் கண்காணிப்பில் செய்தவர்கள்.

அதே நிம்ஹான்ஸின் 2007 ஆய்வில், ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகள் மருந்தைத் தொடர்ந்துகொண்டே யோகாவும் செய்தார்கள். சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களைவிட அவர்களிடம் முன்னேற்றம் அதிகம். கவனியுங்கள், 'மருந்தோடு சேர்த்து'. ரீல்ஸில் காணாமல்போவது இந்த வார்த்தைதான்.

மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம். அதைவிட ஆபத்து, அடங்கியிருந்த நோய் திரும்புவது.

எல்லா மூச்சுப் பயிற்சியும் எல்லோருக்கும் ஒத்துவராது என்பதும் முக்கியம். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகள், பேனிக் அட்டாக் வருபவர்களுக்குப் படபடப்பைக் கூட்டலாம். பைபோலார் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? அடுத்த முறை போகும்போது, 'மூச்சுப் பயிற்சி செய்யலாமா, எதைச் செய்யலாம்?' என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். ஓகே சொன்னால், நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவதுபோல எளிதாகத் தொடங்கலாம். தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

மாத்திரையால் தூக்கம் அதிகமாகிறது, வெயிட் போடுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். மனசு ரொம்ப பாரமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

நண்பருக்கு ஃபார்வேர்டு செய்வதாக இருந்தால், அந்த எண்ணை அனுப்புங்கள்.