குரல் இருந்தால் போதுமா?

வேலூர் முதல் வாணியம்பாடி வரை, ஆடிக் கிருத்திகை ஒலிபெருக்கியில் கே.பி. சுந்தராம்பாள் குரலைக் கேளாத தொழிலாளி உண்டா? "தெய்வம் தந்த குரல், தானே உயர்ந்தது" என்பார்கள். நாம் அதை ஏற்கவில்லை.

கொடுமுடியில் 1908-ல் பிறந்த அவர், தகப்பனை இழந்து, ரயில் வண்டியில் பாடிக் காசு வாங்கிப் பசியாறிய சிறுமி. நாடகப் பற்றுள்ள ரயில்வே அதிகாரி நடேச அய்யர் காதில் அந்தப் பாட்டு விழுந்தது. வேலு நாயர் நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது. சோறும் பயிற்சியும் மேடையும் கிடைத்த பிறகே குரல் வளர்ந்தது.

1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாக நடிக்க அவர் பெற்றது ஒரு லட்சம் ரூபாய்! நந்தன் யார்? பண்ணையாள். அந்த வேடத்துக்கு லட்சம் கொடுத்த அதே நாட்டில், உண்மைப் பண்ணையாள் அரை வயிற்றுக் கூலிக்கு ஏர் ஓட்டினான். அம்மையார் மீது குற்றமில்லை. அவர் பெற்றது உழைப்பின் பலன். 1970-ல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

நாம் கேட்பது இதுதான்: அன்று நடேச அய்யர் வேறு வண்டியில் போயிருந்தால்?

ஆம்பூர் தோல் ஆலையிலும் ஷூ கம்பெனியிலும் உழைப்பவர் வீட்டில், நாற்று நடுபவர் குடிசையில், இப்படியொரு குரல் இல்லையா? இருக்கிறது. ஓர் அதிகாரியின் காதை நம்பி அது காத்திருக்கலாமா? அரசுப் பள்ளிதோறும் பாட்டு வாத்தியார் வேண்டும். பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் படிக்க வைக்கப் பெற்றோருக்குப் போதிய கூலி வேண்டும். தோழர்களே, கூலி கேட்கும்போது பிள்ளைகளின் பாட்டுக்கும் சேர்த்தே கேட்போம்!