கைக்கிளைப் பகை

தமிழ்த்துறையின் மலருக்குக் கால்பந்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவது முறைதானா என்று உடன் பணியாற்றும் பேராசிரியர் ஒருவர் வினவினார். முறைதான் என்றே விடையிறுத்தேன். நான் சொல்லக் கருதிய செய்திக்குரிய பெயரைத் தேடிச் சென்றபோது தொல்காப்பியத்தின் வாயிலில்தான் நிற்க நேர்ந்தது.

ஒருவர் விரும்ப, மற்றவர் அதனை அறியாமலோ பொருட்படுத்தாமலோ இருப்பதைக் கைக்கிளை என்றனர் நம் இலக்கணப் பெரியோர். அகத்திணை ஏழனுள் முதலில் வைத்து எண்ணப்படுவது அது. அன்புக்கு ஒருதலை நிலை உண்டு என்று கண்டவர்கள் பகைக்கும் அத்தகைய நிலை உண்டென்று கூறினாரல்லர். கைக்கிளைக்குப் புறனாக வைக்கப்பட்ட பாடாண் திணை புகழ் பற்றியது, பகை பற்றியதன்று. போர் பற்றிய திணைகளோ இரு தரப்பாரும் ஒருவரையொருவர் நன்கறிந்து மோதுவன. அவற்றுள்ளும் தும்பையில் இரு வேந்தரும் ஒரே களத்தில் எதிரெதிர் நின்று பொருவர். அத்தும்பை நெய்தலுக்குப் புறன் என்பது தொல்காப்பியர் கொள்கை. நெய்தல் நிலத்திற் பிறந்த எனக்கு இதில் சிறிது பெருமையும் உண்டு. ஆயினும், ஒருவன் தன் பகைவனை எண்ணி ஆண்டு முழுதும் உறங்காதிருக்க, அப்பகைவனோ இவன் பெயரையும் அறியாதிருக்கும் நிலைக்கு என்ன பெயர்? கைக்கிளைப் பகை என்று நானே ஒரு பெயர் சூட்டிக்கொண்டேன். அறிந்தோர் பொறுத்தருள்க.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவன் நான். மாலை வேளையில் குப்பத்துப் பிள்ளைகள் மணலில் பந்தாடுவோம். கோட்டைக்குப்பத்துக்கும் ஆண்டிக்குப்பத்துக்கும் இடையே நிகழ்ந்த ஆட்டங்களில் முழங்கால் சிராய்க்காமல் வீடு திரும்பிய நாள் குறைவு. எனினும் அப்பகை ஒத்த பகை. அதற்குக் காரணம் ஏரியிலேயே இருந்தது. மீன்வளம் மிக்க இடங்களில் வலை கட்டும் முறைக்கு எங்கள் பக்கத்தில் ‘பாடு’ என்று பெயர். இன்ன நாளில் இன்ன குப்பத்தார், இன்ன இடத்தில் என்று முறை வைத்து, சீட்டுப் போட்டு ஒதுக்கிக்கொள்வர். என் முறை முடிந்தால்தான் உன் முறை. உன் முறை வந்தால் நான் விலகியாக வேண்டும். இந்த ஏற்பாட்டில் அண்டைக் குப்பத்தானை வெறுக்கலாம், மறக்க முடியாது. (பாட்டுரிமை இல்லாதவர்களும் அவ்வேரியில் உண்டு. அவர்கள் கதை வேறு. அதனை எழுத இம்மலர் போதாது.)

பின்னர்ப் பொன்னேரியில் கல்லூரிப் படிப்பு. கல்லூரி அணியில் இடம் கிடைத்தது. அங்குதான் கைக்கிளைப் பகையை முதன்முதலில் அனுபவித்தேன். சென்னை மாநகரில் புகழ்பெற்ற கல்லூரி ஒன்று இருந்தது, பெயர் வேண்டா. எங்கள் அணிக்கு அந்தக் கல்லூரியே உலகம். அவர்களுடைய சீருடையின் நிறத்தில் எவரேனும் சட்டை அணிந்து வந்தால் அன்று அவர் பாடு திண்டாட்டம். ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் அவர்கள் திடலிலேயே, அவர்களை எதிர்த்து ஆடும் வாய்ப்புக் கிட்டும். ஏரிக்கரைப் பிள்ளைகள் விடியலுக்கு முன் எழுந்து, முதற்பேருந்தைப் பிடித்துப் பொன்னேரிக்கு வந்து, அங்கிருந்து மின்தொடர்வண்டியில் நின்றுகொண்டே சென்னைக்குச் செல்வோம். ஆட்டத்துக்கு முன்பே கால்கள் பாதி ஓய்ந்துவிடும்.

ஓராண்டு வென்றோம். ஒன்றுக்குச் சுழி. இறுதி ஊதல் ஒலித்ததும் எங்களுள் சிலர் மண்ணில் விழுந்து அழுதனர். எதிரணித் தலைவர் நல்ல பண்பாளர், வந்து கைகுலுக்கினார், நன்றாக ஆடினீர்கள் என்று மனமாரப் பாராட்டினார். பிறகு, ‘நீங்கள் எந்தக் கல்லூரி?’ என்று கேட்டார்.

அவர் ஏளனமாகக் கேட்டிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உண்மையிலேயே அறியாமல் கேட்டார். மூன்றாம் நாள் அடுத்த சுற்றில் வேறொரு கல்லூரியிடம் மூன்று கோல் வாங்கித் தோற்று வெளியேறினோம். அந்த ஆட்டத்தைப் பற்றி எங்களில் எவரும் பேசியதேயில்லை. சென்னைக் கல்லூரியை வென்ற கதையை மட்டும் ஆண்டுக்கணக்கில் பேசினோம்.

இத்தகைய நிலை நமக்கு மட்டும் உரியதன்று. இந்தியக் கால்பந்தின் தாய்வீடாகிய கொல்கத்தாவில் இதனைப் பெரிய அளவிற் காணலாம். 1889இல் தோன்றியது மோகன் பகான். 1891இல் முகமதன் ஸ்போர்ட்டிங். 1920இல் ஈஸ்ட் பெங்கால். மூன்றின் கூடாரங்களும் மைதானம் எனப்படும் ஒரே பெருந்திடலில் உள்ளன. மூன்றையும் சேர்த்து மூன்று பெரும் சங்கங்கள் என்பது வங்காள வழக்கு. ஆயினும் ‘பெரிய ஆட்டம்’ என்றால் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுவதே. இவ்விரண்டில் ஒன்றுடன் முகமதன் மோதினால் அதனைச் செய்தித்தாள்கள் சிறிய போட்டி என்று அடைமொழி கொடுத்தே எழுதுகின்றன. மோகன் பகான் வென்றால் இறால், ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா என்று சந்தையிலும் இந்தப் பகை புகுந்திருக்கிறது. முகமதன் வென்றால் எந்த மீனின் விலை ஏறும் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. மீனூரில் பிறந்தவனுக்கு இது உறுத்துகிறது.

இத்தனைக்கும் வரலாறு என்ன சொல்கிறது? 1911ஆம் ஆண்டு சூலை 29 அன்று கிழக்கு யார்க்சயர் படையணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்று, நாட்டையே மகிழ்வித்தது மோகன் பகான். அது மறக்கவொண்ணாத வெற்றி. ஆனால் 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி எது? இரண்டாம் பிரிவிலிருந்து அப்போதுதான் மேலேறி வந்திருந்த முகமதன். 1934இல் முதற்பிரிவில் காலடி வைத்த ஆண்டிலேயே வென்றது. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றது. மோகன் பகான் முதன்முதலாக லீக்கை வென்றது 1939இல். அவ்வாண்டு முகமதன் உள்ளிட்ட சில சங்கங்கள் பிணக்கினால் இடையில் விலகியிருந்தன. 1940இல் டூரண்ட் கோப்பையையும் முகமதன் கைப்பற்றியது. படைவீரர் அணிகளே வென்றுவந்த அக்கோப்பையை இந்தியக் குடிமக்களின் அணி ஒன்று வென்றது அதுவே முதன்முறை.

அந்த வெற்றிக்கு அடிப்படையாக அமைந்தவற்றுள் ஒன்றை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். இந்திய ஆட்டக்காரர்கள் அந்நாளில் வெறுங்காலுடன் ஆடுவர். மழை பெய்து திடல் சேறானால் காலணி அணிந்த ஆங்கிலேயர் முன் வழுக்கி விழுவர். முகமதன் சங்கத்தார் ஈரத் திடலுக்கெனத் தம் வீரரைக் காலணி அணிந்து ஆடப் பழக்கினர். பெங்களூரு முதலிய தொலைவூர்களிலிருந்து திறமையாளரைத் தேடி அழைத்து வந்தனர். அண்டைச் சங்கம் நம்மை மதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் மழையைப் பற்றிச் சிந்தித்திருக்க மாட்டார்கள் என்பது என் துணிபு. நாடெங்கும் முஸ்லிம்கள் அவ்வெற்றிகளைத் தம் வெற்றியாகக் கொண்டாடினர். அதே வேளையில் அரசியல் கசப்பும் திடலுக்குள் புகுந்தது. 1947இன் பிரிவினைக்குப் பிறகு ஆதரவாளர் பலரும் ஆட்டக்காரர் பலரும் எல்லைக்கு அப்பால் சென்றுவிட, சங்கம் தளர்ந்தது. 1948, 1957, 1967, 1981 என்று இடைவெளி விட்டு லீக்கை வென்றது. பின்னர் நாற்பதாண்டு வறட்சி. 2021இல் மீண்டும் வென்றது. 2022, 2023 ஆண்டுகளிலும் வென்றது. 2024இல் ஐ-லீக் வாகை சூடி, நாட்டின் முதல்நிலைப் போட்டியாகிய ஐ.எஸ்.எல்.லில் நுழைந்தது.

அங்கே 2024 நவம்பர் 9 அன்று ஈஸ்ட் பெங்காலுடன் ஓர் ஆட்டம். அதுவரை ஆடிய ஆறிலும் தோற்றிருந்தது ஈஸ்ட் பெங்கால். ஆட்டம் தொடங்கி அரைமணி ஆவதற்குள் அவ்வணியின் இருவருக்கு அடுத்தடுத்துச் சிவப்பு அட்டை காட்டினார் நடுவர். அவ்விருவருள் ஒருவர் நம் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். எஞ்சிய ஒன்பது பேரை எதிர்த்துப் பதினொருவர் ஒரு மணி நேரம் ஆடியும் ஒரு கோல் போட இயலவில்லை. சுழிக்குச் சுழி. முகமதன் அப்பருவத்தில் கடைசி இடம் பெற்றது. மோகன் பகானோ கேடயம், கோப்பை இரண்டையும் வென்றது. பணத்தட்டுப்பாடும் நிருவாகக் குழப்பமும் சங்கத்தை வாட்டின என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நினைக்கும்போது எனக்கு எங்கள் பழைய அணியே கண்முன் தோன்றுகிறது. எதிரியை மிகப் பெரியவனாக நெஞ்சில் வரைந்து வைத்திருப்பவனுக்கு அவன் ஒன்பது பேராகக் குறைந்தாலும் எண்ணிக்கை தெரிவதில்லை.

இருவரும் ஒருவரையொருவர் சமமாக எண்ணிக்கொள்வதே நல்லது என்றும் நான் சொல்லவில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில் அந்தப் ‘பெரிய ஆட்டம்’ நடந்தபோது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் மாண்டனர். ஒத்த பகைக்கும் விலை உண்டு.

கடல் கடந்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும், அது போகட்டும். அங்கே ஒரே மாநிலத்துப் பல்கலைக்கழகங்களுக்கிடையே நிகழும் பகை பெயர்பெற்றது. மிச்சிகன் மாநிலத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகம், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் என இரண்டு. 2007 நவம்பரில் 28க்கு 24 என்று வென்ற மிச்சிகன் அணியின் மைக் ஹார்ட், எதிரணியைத் தம் ‘தம்பி’ என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த எட்டாண்டுகளில் தம்பி ஏழு முறை வென்றான். டெக்சாஸ் மாநிலத்தின் கதை இன்னும் சுவையானது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகமே பரம வைரி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தாரோ, எங்கள் உண்மையான எதிரி அண்டை மாநிலமாகிய ஓக்லஹோமாதான் என்பர். 1894இல் தொடங்கிய இவ்விரு அணிகளின் மோதல் 2011உடன் நின்று, 2024 நவம்பர் 30 அன்றுதான் மீண்டும் நடந்தது. ஏ அண்ட் எம் அணியின் பாடலில் டெக்சாஸின் பெயர் வருகிறது என்று ஏளனம் செய்வோர் உண்டு. டெக்சாஸின் பாடலைக் கேட்டுப் பாருங்கள். அதிலும் ஏ அண்ட் எம்மின் பெயர் வருகிறது! பொருட்படுத்தவில்லை என்று சொல்பவரின் உதட்டிலும் மற்றவர் பெயர் இருக்கத்தான் செய்கிறது.

இதனால்தான் பெரிய கல்லூரிகளின் புறக்கணிப்பை நான் முழுதும் நம்புவதில்லை. அதில் பாதி அறியாமை, பாதி நடிப்பு. நடிப்பைப் பற்றிக் கவலையில்லை. அறியாமைக்கு மருந்து உண்டு. சென்னைக் கல்லூரி அணிகள் ஒருமுறையேனும் பொன்னேரிக்கு வந்து ஆடட்டும். கும்மிடிப்பூண்டி வண்டியில் நின்றுகொண்டே வரட்டும். ஓராண்டு உங்கள் திடலில், மறு ஆண்டு எங்கள் திடலில் என்று முறை வைக்கப் பெரிய செலவு ஏதுமில்லை. எழுத்தறியாத மீனவர் ஏரியில் செய்துகொண்ட ஏற்பாட்டைக் கல்லூரிகள் செய்துகொள்ள இயலாதா? நம் கல்லூரி நிருவாகத்துப் பெரியோர்களும் உடற்கல்வித் துறையினரும் இதனை ஆலோசிக்க வேண்டுகிறேன். நம்மைத் தேடி வரும் சிற்றூர்க் கல்லூரிகள் உண்டு. நாம் அவர்கள் ஊருக்குச் சென்றதுண்டா?

இக்கட்டுரையை எழுதி வருகையில் ஓர் ஐயம் எழுந்தது. சென்னைக் கல்லூரியை வென்ற மூன்றாம் நாள் எங்களை மூன்று கோலில் வீழ்த்திய அணி எது? நினைவுக்கு வரவில்லை. அவர்கள் எந்த நிறச் சீருடை அணிந்திருந்தனர் என்பதும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவர்களுள் ஒருவர் மண்ணில் விழுந்து அழுதது மட்டும் மங்கலாகக் கண்முன் நிற்கிறது. அப்போது அது வியப்பாக இருந்தது. அன்றைய எங்கள் கோல்காப்பாளர் இப்போது பழவேற்காட்டில் மீன் ஏலம் விடுகிறார். தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

‘அது யாரோ ஒரு காலேஜ்டா’ என்றார். பிறகு, சென்னைக் கல்லூரி அணித்தலைவரின் முதுகில் இருந்தது ஏழாம் எண்ணா, ஒன்பதாம் எண்ணா என்று என்னுடன் கால்மணி நேரம் வாதிட்டார்.