கைக்கு எட்டாத காற்று

கணினித் திரையில் பறக்கும் செஸ்னா 152க்கும் மெய்யான பயிற்சி விமானத்துக்கும் இனி பேதமே இல்லை என்று, கோவை கணபதியில் கூடிய நண்பர்களிடையே ஓர் அன்பர் அடித்துச் சொன்னார். அவர் காட்டிய பிரமாணங்கள் யாவும் பீளமேட்டு ஓடுபாதை, மேற்கு மலைத்தொடர் என்று கண்ணுக்குரியவையே. கணக்கிலும் குறையில்லை என்பதை நானே ஒப்புகிறேன். சமுத்திர மட்டத்துக்கு மேல் 1,300 அடி உயரத்திலுள்ள நம் விமான நிலையத்தில், 35 டிகிரி வெயிலில், காற்று ஏறத்தாழ 4,000 அடி உயரத்துக் காற்றாக மெலிய, 110 குதிரைத்திறன் எஞ்சின் திணறுவதை எக்ஸ்-பிளேன் போன்ற மென்பொருள் செவ்வனே கணித்துவிடும்.

ஆனால், வேகம் குறையக் குறையக் கைப்பிடி இளகித் தொய்ந்து, தூக்குவிசை அறுபடும் தறுவாயில் விமானமே நடுங்கித் தரும் எச்சரிக்கையை, எவ்வேகத்திலும் ஒரே இறுக்கம் காட்டும் மேஜைமேல் சுருள்வில் கைப்பிடி எங்ஙனம் உணர்த்தும்? கணபதிப் பட்டறையில் லேத் ஓட்டும் தொழிலாளி, வெட்டு பிசகுவதைக் கண்ணுக்கு முன் கையில் ஏறும் அதிர்வாலன்றோ அறிகிறார்! ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓர் இறக்கையைத் தூக்குவதும், இருக்கையின் வாயிலாகவே முதலில் தெரியும்.

1929இல் எட்வின் லிங்க் ஆர்கன் வாத்தியத் துருத்திகளைக் கொண்டு அமைத்த பயிற்சிப் பெட்டி மெய்யாகவே அசைந்தது. அதுவுங்கூட, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் வித்தைக்கே பெரிதும் பிரயோஜனப்பட்டது. அவ்வகை அப்பியாசத்துக்கு வீட்டுத் திரையும் உதவட்டும். வணிக விமானி உரிமத்துக்குரிய 200 மணி நேரத்தில் பெரும்பகுதியை அதிலேயே கழித்துவிடலாம் என்னும் அன்பரின் யோசனையை மட்டும் நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன்.