எடுத்ததும் பேரிங்கா?

எங்க கடற்கரைப் பக்கம் வயலுக்கும் உப்பளத்துக்கும் மீன் ஏலத்துக்கும் எக்ஸெல் வண்டிதான் ஓடுது. பின்சக்கரம் இறுகி ஒருநாள் நின்னா, அன்னைக்குக் கூலி போச்சு. பட்டறையில கேட்டா முதல் வார்த்தையே ‘பேரிங் போச்சு’. இதை நான் ஒத்துக்க மாட்டேன்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்பிரேக் அட்ஜஸ்ட் நட்டைத் தளர்த்திட்டுச் சக்கரத்தைக் கையால சுத்துங்க. லேசா ஓடுச்சுன்னா கோளாறு பெரும்பாலும் டிரம்முக்குள்ளதான். நாட்டுல அதிகம் உப்பு விளையுற பகுதிகள்ல ஒண்ணு இது. அந்த உப்புக்காத்துல பிரேக் கேம் துருப்பிடிச்சு, அழுத்தின ஷூ திரும்பி வராம டிரம்மைக் கவ்விக்கிடும். கொஞ்சதூரம் ஓட்டிட்டுப் பக்கத்துல கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கும் (தொட்டுறாதீங்க!). கழட்டித் துருவைச் சுரண்டி, கேம் தண்டுல மட்டும் துளி கிரீஸ் வச்சா போதும். ஷூவுல பட்டா பிரேக்கே பிடிக்காது.

பட்டணத்து நண்பர்கள் ‘புது வண்டி வாங்கிரலாமே’ங்கிறாங்க. அதுவும் இதே உப்புக்காத்துலதானே நிக்கணும்?

நட்டைத் தளர்த்தியும் இறுக்கம் போகலையா, செயினைக் கழட்டிட்டுச் சுத்திப் பாருங்க. இப்ப லேசா ஓடுனா செயின் பக்கம்தான் கோளாறு. அப்பவும் கரகரன்னு சத்தம் வந்து, சக்கரம் பக்கவாட்டுல ஆடுச்சுன்னா பேரிங்கை மாத்துங்க.