பேரன் மலையிலிருந்து பறக்கலாமா?



போன ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலிருந்து மகள் போன் செய்தாள். எப்போதும் பேரன்தான் முதலில் வந்து "தாத்தா, சாப்பிட்டீங்களா?" என்பான். அன்று அவன் குரலைக் காணோம். "அப்பா, நீங்க சொன்னாத்தான் கேப்பான். மலை மேலருந்து பாராசூட்டைக் கட்டிக்கிட்டுக் குதிக்கப் போறானாம். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள். அவனுக்கு 19 வயது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் டைம் கேட்டேன். 34 வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவன். கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. அந்த இரண்டு நாளில் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். நம் புதுச்சேரிக்காரர்கள் பலருக்கும் பேரப்பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். இன்று என் வீட்டுக்கு வந்த கேள்வி நாளை உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

முதலில் ஒரு திருத்தம். அவன் குதிக்கப் போவதில்லை. பிரெஞ்சில் இதற்குப் 'பராபாந்த்' என்று பெயர். 'பாந்த்' என்றால் சரிவு. பாராசூட் என்ற சொல்லில் உள்ள 'ஷூட்' என்பதற்கு வீழ்ச்சி என்று பொருள். வீழ்ச்சியை எடுத்துவிட்டுச் சரிவைப் போட்டார்கள், புதுச் சொல் பிறந்தது. நாம் பாராகிளைடிங் என்கிறோமே, அதுதான்.

இது தொடங்கிய கதை எளிமையானது. ஆல்ப்ஸ் மலையில் ஓத் சவுவா மாவட்டத்தில் மியூசி என்று ஒரு கிராமம். 1978ஆம் வருஷம் ழான்-குளோத் பெத்தாம், ஆந்த்ரே போன், ழெரார் போசோன் என்ற மூன்று பாராசூட்காரர்கள் அங்குள்ள பெர்த்துயிசே சரிவில் ஏறினார்கள். குறித்த இடத்தில் இறங்கிப் பழகுவதற்கு ஒவ்வொரு தடவையும் விமானத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. மலைதான் உயரமாக இருக்கிறதே, விமானம் எதற்கு என்று நினைத்தார்கள். பாராசூட்டை விரித்துக்கொண்டு புல்வெளியில் ஓடினார்கள், காற்றில் ஏறினார்கள். அன்று அவர்கள் கையில் இருந்தது விமானத்திலிருந்து குதிப்பதற்காகச் செய்த சதுரப் பாராசூட். மூன்று மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் கீழே இறங்கிவிடும். சரிவு அதைவிடச் செங்குத்தாக இல்லாவிட்டால் கால் தரையை விட்டு எழும்பாது. இப்போது வரும் பராபாந்த் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு, பத்து மீட்டர் முன்னே போகிறது. துணி மாறிவிட்டது. தரையிலிருந்து கிளம்பும் கலையும் அதன் ஆபத்தும் மாறவில்லை.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா மாமா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பாராசூட் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்குக் கதை சொல்வார். "நாம ஒண்ணும் செய்ய வேணாம்டா. வாரை விமானத்துல மாட்டியிருக்கும். குதிச்சா அதுவே இழுத்துத் திறந்து விட்டுடும். திறக்கலைன்னா நெஞ்சு மேல இன்னொண்ணு இருக்கு" என்பார். அவருக்கு உயரம்தான் காவல். பாராசூட் திறக்கவும், திறக்காவிட்டால் மற்றதைத் திறக்கவும் நேரம் இருந்தது.

சரிவிலிருந்து கிளம்புகிறவனுக்கு அந்த நேரம் கிடையாது. அவனும் இரண்டாவது பாராசூட் ஒன்றை வைத்திருப்பான். ஆனால் தரையிலிருந்து பத்து மீட்டரில் தவறு நடந்தால் அது விரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே தவறு இருந்தால் கால் தரையில் இருக்கும்போதே கண்டுபிடித்தாக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அன்னெசி ஏரிக்கு மேலே உள்ள கோல் த லா ஃபோர்க்ளாஸ் என்ற கணவாய்க்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்து கிளம்புகிறவர்கள் ஏரியின் தென்கோடியில் தூசார் என்ற ஊரில் இறங்குகிறார்கள். மற்றவர்கள் ஏரியைப் படம் பிடித்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து கிளம்புகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் துணியை வில் வடிவத்தில் பின்னால் விரித்தார். கயிறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். தலைக்கவசம், மார்புவார், இரண்டு தொடைவார்கள், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். தொடைவாரை மாட்ட மறந்து கிளம்பிவிட்டால் ஆள் நழுவித் தொங்க வேண்டியதுதான். அனுபவசாலிகளும் அப்படி மறந்ததுண்டாம். பிறகு முன்னால் சாய்ந்து ஓடினார். துணிக்குள் காற்று புகுந்து தலைக்கு மேல் எழுந்தது. ஓடிக்கொண்டே ஒரு தடவை மேலே பார்த்தார். சரியாக இருந்தது, தொடர்ந்து ஓடினார். பத்துப் பதினைந்து அடியில் கால் தரையை விட்டது.

அடுத்து வந்த இளைஞன் மேலே பார்க்கவில்லை. துணியின் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. பயிற்சியாளர் கத்தினார். அவன் நிற்காமல் ஓடி, பக்கவாட்டில் இழுபட்டுப் புதரில் விழுந்தான். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இன்னும் நாலு அடி ஓடியிருந்தால் அதோடு போயிருக்காது.

மூன்றாமவரைத்தான் நான் மறக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். துணியை விரித்து, மாட்டிக்கொண்டு, காற்றுத்துணியையே பார்த்தபடி முக்கால் மணி நேரம் நின்றார். பிறகு எல்லாவற்றையும் மடித்து மூட்டை கட்டி முதுகில் போட்டுக்கொண்டு நடந்தே இறங்கிவிட்டார். காற்று பின்பக்கத்திலிருந்து வர ஆரம்பித்துவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. துணி ஆளைத் தூக்க வேண்டுமானால் அதன்மேல் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஓட வேண்டும். எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் நாம் 10 ஓடினால் போதும். பின்னாலிருந்து 10 வந்தால் 35 ஓட வேண்டும். உசேன் போல்ட் 100 மீட்டர் உலக சாதனை செய்தபோதே சராசரி வேகம் 37 சொச்சம்தான்! எதிர்க்காற்று அளவுக்கு மீறினாலும் கஷ்டம், துணி எழும்பியதும் ஆளைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். காற்று மலையின் மறுபக்கத்திலிருந்து வந்தால் இன்னும் மோசம். நிற்கும் இடம் அமைதியாகத் தெரியும், கிளம்பிச் சிறிது தூரம் போனதும் சுழல் பிடிக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு வேண்டாம் என்று சொல்வதுதானே நியாயம் என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பழைய விஷயம் தடுத்தது.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயதில் கடலில் நீந்தக் கற்றுக்கொள்ள ஆசை. கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை, மாற்று வழியும் சொல்லவில்லை. அவன் பள்ளிக்கூடம் விட்டதும் நண்பர்களோடு வைத்திக்குப்பம் பக்கம் போய்த் தானாகவே இறங்கியிருக்கிறான். அலை இழுத்துவிட்டது. ஒரு மீனவர் பாய்ந்து தூக்கினார். நனைந்த யூனிபாரத்தோடு அவனை வீட்டுக்கு அழைத்து வந்தவர் என்னைக் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது: "எங்ககிட்ட உட்டிருந்தா நாங்களே சொல்லிக் குடுத்திருப்போமே சார்."

நான் கடலிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றவில்லை. கற்றுக்கொடுக்கக்கூடியவரிடமிருந்து அவனைத் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

பேரன் விஷயத்திலும் அதே ஆபத்து இருக்கிறது. வேண்டாம் என்றால் பழைய துணி ஒன்றை மலிவாக வாங்கி, யூடியூபைப் பார்த்துவிட்டு, இரண்டு நண்பர்களோடு ஏதாவது ஒரு சரிவில் ஏறுவான். இந்தக் கலையில் தானே கற்றுக்கொள்வதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. பிரான்சில் இதற்கென்று தேசிய சம்மேளனமும் அதன் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் இருக்கின்றன. முதலில் சின்ன மேட்டில் துணியை எழுப்பவும் அடக்கவும் பழக்குகிறார்கள். பிறகுதான் உயரத்துக்கு அழைத்துப் போகிறார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று ரேடியோவில் வழி சொல்கிறார்கள். வெயில் ஏறி மதியக் காற்று முரண்டு பிடிக்கும் நேரத்தில் புதியவர்களை விடுவதில்லை.

மகளிடம் சொன்னேன்: "போகாதேன்னு நான் சொல்லமாட்டேன்மா. எப்படிப் போறான்னுதான் கேப்பேன்." அவள் கோபமாகப் போனை வைத்துவிட்டாள். தாயாயிற்றே, அந்தக் கோபம் நியாயம்தான். ஆபத்தே இல்லை என்று நான் அவளுக்குச் சத்தியம் செய்யவும் முடியாது. ஒழுங்காகக் கற்றவர்களும் விழுந்திருக்கிறார்கள்.

பிறகு பேரனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டேன். எந்தப் பள்ளி, அங்கீகாரம் உண்டா? தரையிலேயே எத்தனை நாள் பயிற்சி? இன்ஷூரன்ஸ் எடுத்தாயா? பயிற்சியாளர் இன்று வேண்டாம் என்றால் வாக்குவாதம் செய்யாமல் கேட்பாயா? மூன்றுக்கு உடனே பதில் சொன்னான். நாலாவதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேப்பேன் தாத்தா" என்றான். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக அவனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். "முதல் தடவை பறந்ததும் உங்க அம்மாவுக்குப் போன் பண்ணு. மேலே வரைக்கும் ஏறிட்டு, காத்து சரியில்லைன்னு மூட்டையைக் கட்டி நடந்தே இறங்கி வர்ற நாள் ஒண்ணு வரும். அன்னிக்கு எனக்குப் போன் பண்ணு" என்றேன்.

அந்தப் போனுக்காகக் காத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?